கட்டையைக் காயவிடக் கூடாது

நவம்பர் 14

பார்சல் வந்தது. ஆள் உயர அட்டைப்பெட்டி. நான் வாசலில் கையெழுத்துப் போடுவதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர், "ஏனுங், ஏணிங்களா?" என்றார். ஆமாம் என்றேன். ஏணி என்றால் விலை கேட்க மாட்டார்கள்.

உள்ளே ஒரு கட்டை. கட்டை என்று சொன்னால் என் வீட்டுக்காரர் குழந்தைவேலுவுக்குக் கோபம் வரும்.

"ஸ்கீன்னு சொல்லு வசந்தாமணி. கார்பன் ஃபைபர். ஏரோப்ளேன் செய்யற சமாச்சாரம்."

"எவ்வளவுங்க?"

"நம்ம ரெண்டு எச்.பி. மோட்டார் ஒண்ணு வெலைதான்."

எங்கள் பம்ப் கம்பெனிக் கணக்கைப் பார்க்கிறவளே நான்தான். பில்லில் இருபது மோட்டார் விலை இருந்தது. கேட்டதற்கு, ஒரு மோட்டார் என்று தான் சொன்னது கட்டைக்கு அடியில் மீன் துடுப்பு மாதிரி இருக்கிற அந்தத் தகட்டுக்கு மட்டும் என்று விளக்கம் வந்தது. பூட், கையுறை, சட்டை மாதிரி மாட்டுகிற மிதவை, கயிறு எல்லாம் தனித்தனி மோட்டார்.

நவம்பர் 15

இந்த டைரி பேங்கில் கொடுத்தது. இதில் இதுவரை பால் கணக்கைத் தவிர எதுவும் எழுதவில்லை. பின்னால் நான் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக இந்த நீர்ச்சறுக்கு விளையாட்டைப் பற்றி எழுதிவைக்கிறேன்.

பொள்ளாச்சி ரோட்டில் பொன்னாத்தா குளம். ஒரு ரிசார்ட்காரர் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். குளத்தில் ஆறு பந்துகளை இடமும் வலமுமாக மிதக்க விட்டிருக்கிறார்கள். படகு நடுவில் நேராகப் போகும். பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கட்டையில் நிற்பவர் ஆறு பந்தையும் வெளிப்பக்கமாகச் சுற்றி வரவேண்டும். வந்துவிட்டால் வேகத்தைக் கூட்டுவார்கள். அதிலும் வந்தால் இன்னும் கூட்டுவார்கள். கூட்டுவதற்கு இல்லை என்றால் கயிற்றைச் சுருக்குவார்கள். ஆக, எவ்வளவு நன்றாக ஆடினாலும் கடைசியில் தோற்றுத்தான் கரைக்கு வர வேண்டும். இதற்குத்தான் காலை நாலரைக்கு அலாரம்.

கிளப்பில் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவருக்குப் புனேவுக்கு மாற்றல். இன்னொருவருக்கு வீட்டில் தடை. மிச்சம் இவரும் எலும்பு டாக்டர் சம்பத்குமாரும்.

என் வேலை, படகில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, இவர் விழுந்தால் படகோட்டி ரொசாரியோவிடம் சொல்வது. நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 23

புதுக் கட்டையில் முதல் ஓட்டம். முதல் பந்தைச் சுற்றினார். இரண்டாவதைச் சுற்றினார். மூன்றாவதுக்குப் போகிற வழியில் அலை தட்டியது. கட்டை ஒரு பக்கம் போனது, இவர் ஒரு பக்கம் போனார், கயிற்றின் கைப்பிடி இவர் விலாவைத் தேடிப் போனது.

"விழுந்துட்டாருங்க" என்றேன் வழக்கம்போல.

ரொசாரியோ தூத்துக்குடிக்காரர், அண்ணியை மைனி என்பார். "அண்ணாச்சி விழுற சத்தத்த வச்சே சொல்லிருவேன் மைனி. இன்னைக்குச் சத்தம் வேற மாரி இருக்கு" என்று படகைத் திருப்பினார்.

டாக்டர் கரையில்தான் இருந்தார். தன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்து, "ரெண்டு விலா. நல்ல சுத்தமான விரிசல் சார்" என்றார். பாராட்டுகிற மாதிரி இருந்தது. ஆறு வாரம் ஓய்வு.

நவம்பர் 25

இருமக் கூடாது. தும்மக் கூடாது. சிரிக்கவே கூடாது. டாக்டர் மேல் இவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஆறு வாரம்னு எழுதுனது எதுக்குங்கறே? மார்ச் போட்டியில அந்த ஆளு கப் வாங்கறதுக்கு."

"எக்ஸ்ரேல தெரியுதேங்க."

"எக்ஸ்ரே மிஷினும் அவருதுதானே?"

டிசம்பர் 1

ரிசார்ட் மேனேஜர் கிருஷ்ணகாந்த் ஒரு பழக்கூடையோடு பார்க்க வந்தான். சின்னப் பையன், ரொம்ப மரியாதை. பழத்தை வைத்துவிட்டு ஒரு படத்தையும் நீட்டினான். காலால் மிதித்து ஓட்டுகிற வாத்துப் படகு. வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பன்னிரண்டு வாத்துகள்.

"ஓனர் சொல்றாருங்க சார். குளத்துல பாதிய ரெண்டு பேருக்காக வெச்சிருக்கோம், மீதிப் பாதியில வாத்து ஓட்ட எரநூறு பேரு வர்றாங்கன்னு. மார்ச்ல போட்டி நடத்துங்க. ரூல் படி நாலு பேரு இருந்தாத்தானே போட்டி? நடந்தா பாக்கலாம். நடக்கலைன்னா பந்த எடுத்துட்டு குளம் பூரா வாத்த விட்டுருவோம்."

பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். டாக்டர் மூன்று. இவர் நான்கு.

"நான் எந்திரிச்சுருவேன்" என்றார் இவர், எழுந்திருக்க முடியாமல்.

டிசம்பர் 5

நீர்ச்சறுக்குக் கட்டையை ரொம்ப நாள் தண்ணீர் காட்டாமல் வைத்தால் பூட் ரப்பர் வெடித்துவிடும் என்று எங்கோ படித்திருக்கிறேன். எங்கே என்று நினைவில்லை. கிளப் ஷெட்டில் ஒரு பழைய சின்னக் கட்டை கிடந்தது. அதை நனைத்துவிட்டு வரலாம் என்று போனேன்.

கட்டையைத் தனியாக நனைக்க வசதிப்படவில்லை. காலில் மாட்டிக்கொண்டு நனைத்தேன். அப்படி நனைக்கும்போது கயிற்றையும் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிடித்துக்கொண்டேன். ரொசாரியோவுக்கு என்ன தோன்றியதோ, படகைக் கிளப்பிவிட்டார்.

டாக்டர் படகில் என் இடத்தில் உட்கார்ந்திருந்தார். "நீங்க நனைங்க மேடம், நான் பாத்துக்கறேன்" என்றார்.

கட்டை நன்றாக நனைந்தது.

டிசம்பர் 6

தோள் வலி. கிரைண்டர் தூக்கியதால் இருக்கும்.

டிசம்பர் 7

கிரைண்டர் டேபிள் டாப், நான் அதைத் தூக்குவதே இல்லை என்று இப்போதுதான் ஞாபகம் வந்தது. இவர் கேட்டால் வேறு காரணம் யோசிக்க வேண்டும்.

டிசம்பர் 13

மறுபடி நனைத்தேன். இரண்டு கட்டையில் நிற்பது போன வருடமே எனக்கு வந்துவிட்டது என்பதை இங்கே எழுதவில்லை போலிருக்கிறது. இவர் ஜெர்மனிக்குப் பம்ப் கண்காட்சிக்குப் போயிருந்தபோது படகு சும்மா நின்றது. பெட்ரோல் இருந்தது. எழுதுகிற அளவுக்குப் பெரிய விஷயமில்லை.

ஒற்றைக் கட்டை வேறு மாதிரி. தண்ணீரில் குந்தி உட்கார்ந்து முழங்காலை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். படகு இழுக்கும்போது அவசரப்பட்டு எழக் கூடாது. அது தூக்கும், தூக்குகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். நான் எழுந்தேன். நின்றேன். விழுந்தேன்.

"மைனி, கயித்த விடணும்! விழுந்த பொறவும் புடிச்சிட்டுக் கெடந்தா எப்பிடி? மீனு மாரில்லா இழுத்துட்டு வாரேன்!" என்று ரொசாரியோ கத்தினார்.

டிசம்பர் 22

இவர் என் கையைப் பார்த்துவிட்டார்.

"என்ன இது, உள்ளங்கையெல்லாம் காப்புக் காச்சிருக்கு?"

"அம்மியில அரைச்சனுங்க."

"நம்மூட்டுல அம்மி ஏது?"

"வாங்கிருக்கறேன்."

மத்தியானம் போய் ஒரு அம்மி வாங்கி வந்தேன்.

டிசம்பர் 26

அம்மிச் சட்னிதான் ருசி என்று இவர் கண்டுபிடித்துவிட்டார். தினமும் கேட்கிறார். காலையில் குளம், வந்ததும் அம்மி. தோள் கழன்று விழாதது ஆச்சரியம்.

ஜனவரி 4

நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. காலையில் மூன்றாவது பந்துக்கிட்ட முகம் குப்புற விழுந்தேன். மூக்கில் குளம் ஏறிவிட்டது. அப்போது ஒன்றும் தெரியவில்லை. பத்தரைக்கு இவருடைய மாமா பேத்தி நிச்சயதார்த்தம். பட்டுப்புடவை கட்டிப் போனேன். பொண்ணுக்குக் குங்குமம் வைக்கக் குனிந்தேன். மூக்கிலிருந்து அரை டம்ளர் தண்ணீர் தாம்பாளத்தில் கொட்டியது.

"பாவம், அக்காவுக்கு எவ்வளவு பாசம்! அழுவுறாங்க பாருங்க" என்று பெண்ணோட அம்மாவும் அழுதுவிட்டார். அப்புறம் நாலைந்து பேர் அழுதார்கள். எனக்கு மட்டும்தான் கண் காய்ந்திருந்தது.

ஜனவரி 11

டாக்டர் இவருக்கு "நடக்கலாம், குனியலாம், குளத்துக்கு மட்டும் போகாதீங்க" என்றார். இவர் கடைசிப் பாதியைக் காதில் வாங்கவில்லை.

ஜனவரி 17

மாட்டுப்பொங்கல் முடிந்த மறுநாளே கிளம்பிவிட்டார். புதுக் கட்டை. புது மிதவை. ரொசாரியோ படகைக் கிளப்பிய நொடியில் இவர் முழங்காலை நீட்டிவிட்டார். அவசரம். தொடைக்குப் பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். படகு வரைக்கும் கேட்டது.

"விழுந்துட்டாருங்க" என்றேன்.

"இன்னும் எந்திரிக்கவே இல்லையே மைனி" என்றார் ரொசாரியோ.

தொடைத் தசை கிழிந்திருக்கிறது. டாக்டர் முகத்தில் இந்தத் தடவை சந்தோஷமே இல்லை. "மூணு மாசம் சார். இத வெச்சுட்டு நீங்க போட்டிக்கு நின்னா, அடுத்து நான் கம்பி வெக்கணும்."

காரில் வரும்போது இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரி 19

டாக்டர் வீட்டுக்கு வந்தார். நாலாவது ஆள் இல்லை.

இவர் கோயமுத்தூரில் இருக்கிற ஜிம் ஆட்கள், நீச்சல் கோச், மலையேறுகிறவர், சைக்கிளில் ஊட்டி போகிறவர் எல்லோருக்கும் போன் போட்டார். எல்லோரும் முதலில் "என்ன செலவாகும்?" என்று கேட்டார்கள். அடுத்ததாக "உங்க ஒடம்பு இப்ப எப்படி இருக்கு?" என்றார்கள். அதோடு முடிந்தது.

"இன்னும் பத்து வருசத்துல இந்த வெளையாட்டே இருக்காது டாக்டர். செய்யறவனுக்கெல்லாம் வயசாச்சு. புதுசா ஒருத்தனும் வர்றதில்ல. வாத்துதான் மிஞ்சும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் காப்பி கலக்கப் போய்விட்டேன். காப்பி ஏற்கனவே அவர் கையில் இருந்தது.

ஜனவரி 28

எல்லாம் போச்சு.

இவர் கம்பெனிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டிரைவரை வைத்துக்கொண்டு குளத்துக்கு வந்திருக்கிறார், டாக்டர் தனியாக என்ன பயிற்சி எடுக்கிறார் என்று உளவு பார்க்க. ஊன்றுகோலோடு ஆலமரத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறார். நான் இவருடைய பழைய மிதவையும் ஹெல்மெட்டும் போட்டிருந்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. நுழைகிற இடத்தில் கேட் மாதிரி மிதக்கிற இரட்டைப் பந்தைத் தாண்டி முதல் பந்து, இரண்டாவது, மூன்றாவது.

திடீரென்று கரையிலிருந்து சத்தம். "அப்படித்தான்டா தம்பி! சாயி! நல்லாச் சாயி! கைய மடக்காதே!"

ஆறாவது பந்து வரைக்கும் சுற்றி, வெளிக்கேட்டிலும் போய்விட்டேன். படகு மெதுவானதும் கயிற்றை விட்டு அமிழ்ந்தேன். இவர் ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டிக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்கே வந்துவிட்டார்.

"டாக்டர்! யாருங்க இந்தப் பையன்? எங்க புடிச்சீங்க? என்னமா வளைக்கறான்! நாலாவது ஆளு கெடச்சாச்சு!"

டாக்டர் வானத்தைப் பார்த்தார். ரொசாரியோ இன்ஜினைப் பார்த்தார். நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். வேறு என்ன செய்ய?

"நாந்தாங்க."

இவர் ஊன்றுகோலை இறக்கினார். திரும்பி, டிரைவர் தோளைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் காருக்குப் போய்விட்டார்.

ஜனவரி 29

பேசவில்லை. கேரட் பொரியல் வைத்தேன். சாப்பிட்டார். பேசவில்லை.

ஜனவரி 31

ராத்திரிச் சாப்பாட்டில் பேசினார்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க சொல்லிக்குடுப்பீங்க."

சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"நாலு வருசமா பின்னாடி பாத்துட்டே உக்காந்திருக்கறனுங்க. நீங்க விழுந்தா சொல்றதுக்கு. படகு போற பக்கம் ஒரு நாள் பாக்கோணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான். கயித்தப் புடிச்ச அன்னைக்கு முன்னாடி பாத்தேன். மலையெல்லாம் தெரிஞ்சுது. எனக்கு அதை உங்களோட பங்கு போட மனசு வரலை. கட்டைய நனைக்கறேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"கட்டையக் காயவிட்டா ஒண்ணும் ஆவாது" என்றார். "காயவெச்சுத்தான் உள்ள வெக்கோணும்."

"தெரியும்ங்க."

ரசம் ஊற்றினேன். பாதி சாப்பிட்டுவிட்டு, "நான் சொல்லிக்குடுக்கலை. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லட்டா?" என்றார்.

பிப்ரவரி 8

அந்த ஒண்ணே ஒண்ணு இன்னும் முடியவில்லை. இன்று காலை பீரோக் கைப்பிடியில் கயிற்றைக் கட்டி, என்னைச் சாயச் சொன்னார். இடுப்பு முன்னால், தோள் பின்னால், கை நேராக. "இன்னும் சாயி. பீரோவ நம்பு."

நம்பினேன். பீரோக் கதவு கழன்று என்னோடு வந்துவிட்டது. உள்ளே இருந்த பட்டுப்புடவை, பத்திரம், இவருடைய ஜாதகம் எல்லாம் கூடத்தில். எதிர்வீட்டுக்காரர் சத்தம் கேட்டு ஓடிவந்தார். நான் கதவைக் கையில் பிடித்தபடி மல்லாந்து கிடந்தேன்.

"ஏணி வழுக்கிருச்சுங்களா?" என்றார் அவர்.

பிப்ரவரி 20

புதுக் கட்டையை எனக்குத் தகுந்த மாதிரி மாற்றுகிறேன் என்று கால் நுழைக்கிற ரப்பர் பூட்டைக் கழற்றி முன்னால் நகர்த்தினார். அப்புறம் பின்னால் நகர்த்தினார். இவர் எடைக்கு வாங்கிய கட்டை, எனக்கு லாரி ஓட்டுகிற மாதிரி இருக்கிறது. பழையதே போதும் என்றேன்.

"இருவது மோட்டார்டி!" என்றார். ஆக அதன் விலை இவருக்குச் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 28

நாளைக்குப் போட்டி. நான் வராவிட்டால் மூன்று பேர்தான், போட்டி கிடையாது. பதினாறு வயதில் பத்தாவது பாஸானது தவிர நான் எந்தப் போட்டியிலும் நின்றதில்லை. இதை இவரிடம் சொல்லவில்லை. இவர் தூங்கவில்லை என்பதை இவரும் என்னிடம் சொல்லவில்லை.

மார்ச் 1

பெங்களூர்க்காரர்கள் இருவரும் வந்தார்கள். இளந்தாரிகள். சறுக்குவதைப் பார்த்தால் வேறு விளையாட்டு மாதிரி இருக்கிறது. ஆண், பெண் என்று பிரிக்கிற அளவுக்கு ஆள் இல்லாததால் எல்லோரும் ஒரே கூட்டம்.

டாக்டர் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆறையும் சுற்றினார். நாற்பத்து மூன்றில் இரண்டு பந்து. மூன்றாவதில் விழுந்து, எழுந்ததும் தன் தோளைத் தானே தொட்டுப் பார்த்து "ஒண்ணுமில்ல" என்று தனக்கே சர்ட்டிபிகேட் கொடுத்துக்கொண்டார்.

என் முறை. படகில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது இவர். ஊன்றுகோலை மடியில் வைத்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"பயமா இருக்குதாங்க?" என்றேன் தண்ணீரிலிருந்து.

"எனக்கென்ன பயம்? நீ முழங்கால நீட்டிராதே."

முப்பத்து ஏழில் ஆறையும் சுற்றிவிட்டேன். கரையில் விசில். அடுத்து நாற்பது. அந்த வேகத்தில் இவர் நான்கு வருடத்தில் எட்டிய உச்சம் மூன்று பந்து. அந்த மூன்றும் சுற்றி நான்காவதுக்கு வளைகிறேன், எதிரே ஒரு இளஞ்சிவப்பு வாத்து. உள்ளே புது மாப்பிள்ளை பெண் இரண்டு பேர், பந்தைப் பிடித்துக்கொண்டு செல்பி எடுக்கிறார்கள்.

ரொசாரியோ இன்ஜினை அணைத்தார். நான் அமிழ்ந்தேன். இவர் படகில் எழுந்து நின்றுவிட்டார், கிழிந்த தொடையோடு.

"யோவ்! எம்பொண்டாட்டி வந்துட்டிருக்கா! வாத்த நகத்துய்யா!"

அவர்கள் பயந்து ஆளுக்கொரு பக்கம் மிதித்தார்கள். வாத்து அங்கேயே சுற்றியது. கடைசியில் கிருஷ்ணகாந்த் நீந்திப் போய், அதன் கழுத்தில் கயிறு கட்டி இழுத்து வந்தான்.

இடைஞ்சல் வந்ததால் எனக்கு மறு ஓட்டம் தந்தார்கள். படகு இழுத்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவதில் கட்டை உதறியது, முழங்காலை மடக்கி நின்றுவிட்டேன். நான்காவது பந்து என் தோளுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் கடந்து போனது. அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் குளம் முழுக்க வெயில். ஐந்தாவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நான் அதன் மேலேயே விழுந்தேன்.

இவர், "விழுந்துட்டா! விழுந்துட்டா!" என்று கத்திக்கொண்டே கை தட்டினாராம். "நாலு பந்து மைனி, நாலு!" என்று ரொசாரியோ ஹாரனை அடித்துக்கொண்டே வந்தார்.

நான்கு பேரில் எனக்கு நான்காவது இடம்.

மத்தியானம் ரிசார்ட் ஓனரே வந்தார். வாத்து ஓட்ட வந்தவர்கள் எல்லாம் வாத்தை விட்டுவிட்டுக் கரையில் நின்று நாங்கள் விழுவதைப் பார்த்தார்களாம். மூன்று தடவை வடை போட வேண்டியிருந்ததாம்.

"விழறப்போத்தான் ரொம்பக் கை தட்டுறாங்க" என்றார். "காலையில பந்து இருக்கட்டும், பத்து மணிக்கு மேல வாத்து. ஞாயித்துக்கெழம மட்டும் நீங்க கொஞ்சம் நேரங்கழிச்சு வந்து, கூட்டத்துக்கு முன்னாடி விழ முடியுங்களா?"

இவர் கௌரவம் பார்த்துத் தயங்கினார். நான் சரி என்றேன். அந்த வாத்துப் பெண் வேறு என்னிடம் வந்து, இதைக் கற்றுக்கொள்ள எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டாள். அவள் புருஷன் எவ்வளவு செலவாகும் என்று கேட்டான். அவளுக்கு மட்டும் பதில் சொன்னேன்.

வீட்டுக்கு வரும்போது கார் கிணத்துக்கடவு தாண்டியதும் இவர் என் பக்கம் திரும்பினார்.

"நாலாவது பந்துல கொஞ்சம் லேட்டாத் திரும்புனே. அங்க தண்ணி இழுக்கும். சீக்கிரமா வளைக்கோணும்."

"நாப்பதுல அங்க தண்ணி எப்படி இருக்கும்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டுச் சட்டென்று ரோட்டைப் பார்த்தான். இவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்து, விலாவை ஒரு கையாலும் தொடையை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"போதும்டி, வலிக்குது" என்றார்.

மார்ச் 2

ரொசாரியோ போன். குளத்தில் காற்றே இல்லையாம், தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கிறதாம். எழுத நேரமில்லை.